நடுக்கம் நீக்கி

பக்கவாதம் வந்தபின் தேவசகாயத்துக்குப் பேச்சு இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் வீட்டுக் கணினியின் கீபோர்டில் சிவப்பு விசையை அழுத்துவார். மீன்வலைக் கம்பெனியில் இருக்கும் மனைவி ரெஜினாவின் போன் ஒலிக்கும். நடுங்கும் விரல் சும்மா பட்டாலும் ஒலிக்கும். நாளுக்கு முப்பது தடவை.

"இன்னொரு தடவை போன் அடிச்சா அப்படியே வீட்டுக்குப் போயிரு," என்றார் சூப்பர்வைசர்.

மறுநாள் காலையில் அவள் கீபோர்டு அமைப்பைத் திறந்து, நடுக்கம் நீக்கும் வசதியை உச்சத்தில் வைத்தாள்.

"நடுங்காத அழுத்தத்தை மட்டும் இனி அனுப்புகிறேன்," என்றது கணினி.

"நிதானமா அழுத்துங்க, என்ன?" என்றாள். அவர் தலையாட்டினார்.

மதியம் மூன்று மணி வரை போன் வாய் திறக்கவில்லை. பிறகு ஒலித்தது. போன் திரையில், 'உறுதியான அழுத்தம். நடுக்கம் இல்லை.'

"எக்கா, அவருக்குக் கை நிதானத்துக்கு வந்துட்டு!" என்று பக்கத்து மிஷின்காரியிடம் சொல்லிவிட்டு, பர்மிஷன் வாங்கி ஓடினாள். வழியெல்லாம் போன் விடாமல் ஒலித்தது.

வீட்டில் அவர் மேசைமேல் சாய்ந்திருந்தார். திரையில், 'இன்று நீக்கிய நடுக்கங்கள்: 214.'

சிவப்பு விசைமேல் கிடந்த கை நடுங்கவே இல்லை.