சுவரில் எழுதிய வீடு

அவசரத்துக்குக் கயிறு அகப்படவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த சேலையை உருவி, வழுக்கைத் தலையரைத் தூணோடு சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான் அருஞ்சுனை.

"நல்ல சேலை, கிழிச்சிராதீக," என்றாள் அவன் மனைவி ராமலட்சுமி.

அருஞ்சுனை பாலவனத்தத்தில் அந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. முன்னறையில்தான் அவனுடைய பாத்திரக் கடை. வீடு கைமாறினால் குடித்தனம், கடை, அண்டா, குண்டா எல்லாம் ஒரே நாளில் தெருவுக்கு வந்துவிடும்.

வீட்டுக்காரம்மா கோகிலாம்பாள் இருப்பது அருப்புக்கோட்டையில். வாடகை வாங்குவது, ஓடு மாற்றுவது எல்லாம் அவள் பொறுப்பு. அவள் கணவரை அருஞ்சுனை கண்ணால் கண்டதில்லை.

போன வாரம் அவளே பெயிண்டரோடு வந்து, 'இந்த வீடு விற்பனைக்கு இல்லை' என்று வெளிச்சுவரில் கொட்டை எழுத்தில் எழுதவைத்துவிட்டுப் போனாள்.

"எங்க வீட்டுக்காரரு யாவாரமா சூரத்துக்குப் போயிருக்காக, தம்பி. அவுக பேரச் சொல்லிக்கிட்டு ஒரு ஆளு இந்த வீட்ட விக்க அலையுதாம். பத்திரம் அவுக பேருல இருந்தாலும், இது என் நகைய வித்து வாங்குன வீடு. யாரு வந்தாலும் விட்றாதீக," என்று சொல்லி, அடையாளத்துக்குத் தன் கல்யாணப் போட்டோவையும் கொடுத்திருந்தாள்.

அருஞ்சுனை அதைக் கேட்டதிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. பக்கத்து ஊரில் இப்படித்தான் யாரோ ஒருத்தன் ஆள்மாறாட்டம் செய்து அடுத்தவர் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டான். வாங்கினவர்கள் பால் காய்ச்சச் சொந்தபந்தத்தோடு வந்து இறங்கியபோது, உள்ளே நிஜமான வீட்டுக்காரர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

அப்படிப்பட்ட ஆள் இன்று காலை இங்கேயும் வந்தே விட்டார். விருதுநகர்க்காரர் ஒருவரை வீடு வாங்கக் கூட்டிக்கொண்டு வந்தவர், மஞ்சள் பையும் கையுமாக, சொந்த வீடு மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கிணற்றடிக்கு நடந்தார். வாங்க வந்தவர் சுவரைப் படித்தார். ராமலட்சுமியின் கையிலிருந்த தோசைக்கரண்டியையும் பார்த்தார். அடுத்த பஸ்ஸில் ஏறிப் போயே விட்டார்.

"நான்தான்யா கோகிலா புருசன். அவுத்து விடு," என்று தூணில் இருந்தவர் திமிறினார்.

அருஞ்சுனை போட்டோவை அவர் மூக்குக்கு நேரே நீட்டினான். அதிலிருந்த மாப்பிள்ளைக்கு மூங்கில் கழி மாதிரி உடம்பு. தலைமுடியில் ஒரு குருவிக் குடும்பம் தாராளமாகக் குடியிருக்கலாம்.

"அதுவும் நான்தான். இருவத்தஞ்சு வருசத்துக்கு முந்தி," என்றார் அவர், தொந்தி குலுங்க. வாசலில் கூடிய ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

எதற்கு வீட்டை விற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, தேக்கு வளர்க்கிற கம்பெனி ஒன்றில் பணம் போட்டால் இருபது வருஷத்தில் கோடியாகத் திரும்பி வரும் என்றார். கருவேலத்தைத் தவிர எதுவும் தானாகத் தலைகாட்டாத பூமியில் நின்றுகொண்டு இதைச் சொன்னார். அருஞ்சுனைக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. பொய் சொல்வதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

கள்ளனே ஆனாலும் வீட்டுக்கு வந்தவர் ஆயிற்றே என்று ராமலட்சுமி சீனியை அள்ளிப் போட்டு ஒரு காப்பி கலந்து வந்து அவர் வாயருகே பிடித்தாள். ஒரு வாய் குடித்ததுமே அவர் முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டார். மயக்க மருந்து கலந்திருப்போம் என்று பயப்படுகிறார், கள்ள மனசு அப்படித்தான் என்று அருஞ்சுனை ஜனத்துக்கு விளக்கம் கொடுத்தான்.

அரிசி மில்லுக்கு ஓடிப்போய் கோகிலாம்பாளுக்குப் போன் போட்டுவிட்டு வந்தான். அவள் வருகிறாள் என்று கேட்டதும் கட்டுண்டவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"வரட்டும். வந்து அவ வாயால சொல்லட்டும். அடுத்த நிமிசம் ஒஞ் சட்டி பானையெல்லாம் ரோட்டுல கிடக்கும்."

அதை அவர் சொன்ன தைரியத்தில் அருஞ்சுனைக்குப் போன சந்தேகம் மறுபடி எட்டிப் பார்த்தது. ஒருவேளை நிஜமாகவே வீட்டுக்காரராக இருந்துவிட்டால்? வீட்டுக்காரரையே தூணில் கட்டினவனுக்கு இந்த ஊரில் எவன் வீடு கொடுப்பான்? அவள் வந்து சேர ஆன ஒரு மணி நேரமும் அவன் கடையிலிருந்த பாத்திரங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கோகிலாம்பாள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். கூட்டம் வழிவிட்டது. தூணில் இருந்தவரை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"இந்த ஆள நான் பாத்ததே இல்லயே, தம்பி."

"அடியே கோகிலா!" அவர் போட்ட சத்தத்தில் ஓட்டிலிருந்த காக்கா பறந்தது.

"பாத்தீகளா, எம் பேரக்கூட விசாரிச்சு வச்சிருக்கு."

அருஞ்சுனைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் கண்கூடக் கலங்கிவிட்டது. கோகிலாம்பாள் அந்த ஆளின் மஞ்சள் பையிலிருந்த பத்திரத்தை எடுத்தாள். போலியாகத்தான் இருக்கும், இருந்தாலும் தன்னிடமே இருக்கட்டும் என்று மடித்துத் தன் கூடையில் வைத்துக்கொண்டாள்.

போலீஸுக்குச் சொல்லட்டுமா என்று அருஞ்சுனை கேட்டான். அதெல்லாம் வேண்டாம், பொழுது சாய்கிறவரைக்கும் இப்படியே இருந்தால் புத்தி வந்துவிடும், அப்புறம் அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள் என்றாள். படியிறங்கிப் போனவள், ஏதோ நினைவு வந்து திரும்பினாள். ராமலட்சுமியின் கையிலிருந்த காப்பி டம்ளரைக் கவலையோடு பார்த்தாள்.

"இன்னொரு காப்பி குடுத்தா சீனி மட்டும் போட்டுறாதீக, தம்பி, அவுகளுக்கு டாக்டரு ஆகாதுன்னுட்டாரு."