வந்துகொண்டிருக்கிறார்

புயல் ஓய்ந்து விடிந்த பிறகும் மீட்பு நிலையத் திரையில், கடலுக்குப் போன கிளமெண்டின் பெயருக்கு எதிரே அதே வாசகம்தான் ஒளிர்ந்தது: ‘வந்துகொண்டிருக்கிறார்.’

“எங்க வாறாரு? படகை அனுப்பு!” என்று அவன் மனைவி ஜெனோவா திரையை அறைந்தாள். அந்த நிலையத்தில் மனிதர் யாரும் வேலை பார்ப்பதில்லை.

கொழுந்தன் பிரிட்டோ அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “அடிச்சா கேக்காது மைனி. மொதல்ல தகவல், அப்புறம் சரிபார்ப்பு, அதுக்கப்புறம் அனுமதி. எல்லாம் முடிஞ்சாத்தான் மீட்புப் படகு தானாக் கெளம்பும். இப்போ சரிபார்ப்புலயே நிக்கு. அண்ணன் கடைசியாச் சொன்னதை வச்சு, ஆளு திரும்பிட்டிருக்காருன்னு நெனைக்கு.”

“என்ன சொன்னாரு?”

பிரிட்டோ பொத்தானை அழுத்தினான். கடலுக்குக் கிளம்பும்போது வீட்டு வாசல் கருவியில் பதிவாகியிருந்த கிளமெண்டின் குரல் கேட்டது.

“வாறேன், ஜெனோவா.”

கல்யாணமான புதிதில் அவன் ‘போறேன்’ என்றுதான் சொல்வான். கடலுக்குப் போகிறவன் வாயில் அந்தச் சொல் வரலாமா என்று சண்டை போட்டு மாற்றியவள் அவள்தான்.

“அதை மாத்துய்யா!”

“பொஞ்சாதி வாயால சொன்னா மாறும் மைனி. ‘வரமாட்டாரு’ன்னு சொல்லுங்க. அடுத்த படிக்குப் போயிரும்.”

ஜெனோவா சிலுவை போட்டுக்கொண்டாள்.

“வரமாட்டாரு.”

திரை பச்சையானது.

‘தகவலுக்கு நன்றி. வரமாட்டார் என்பதால் தேடல் தேவையில்லை. கோரிக்கை முடிக்கப்பட்டது.’