டெய்லரின் தோள்பட்டை

"இதோ பாருங்க ஃபாதர், தூக்கிட்டாரு!"

மனைவி கைதட்டினாள். டெய்லர் வலது கையை உயர்த்தி, ஆறடிக்கு மேல் வளர்ந்திருந்த பாதிரியாருக்குத் தோள் அளவே எடுத்துக் காட்டினார். இரண்டு வருஷமாக அந்தக் கையை மார்புக்கு மேல் தூக்க முடியாமல் தவித்த மனிதர்.

ஆயர் அனுப்பி விசாரிக்க வந்திருந்த பாதிரியார் ஃபைலைத் திறந்தார். சுவரில் படமாகத் தொங்கிய, எப்போதோ மறைந்த கன்னியாஸ்திரி பெரிய சிஸ்டர், புனிதருக்கு ஒரு படி கீழே ஏற்கெனவே அருளாளர். அவரிடம் ஜெபித்து இன்னும் ஒரே ஒரு புதுமை, அதாவது அற்புதம், நடந்தது உறுதியானால் புனிதர் பட்டம். அந்தப் புதுமை தன் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் மனைவி. அவள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பெரிய சிஸ்டரிடம் சொல்லாமல் அடுப்புகூடப் பற்றவைத்ததில்லை.

"மருந்து ஏதாவது சாப்பிட்டாரா?"

"மூச்! நாப்பது நாள் ஜெபம் மட்டும்தான். டாக்டர் எழுதின சீட்டை அன்னிக்கே கிழிச்சுட்டேன். மாத்திரையில குணமானா, மாத்திரை கம்பெனிக்கா பட்டம் குடுப்பீங்க?"

பாதிரியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாட்சிக்கு வந்திருந்த அவள் தம்பி, மருந்துக்கடைக்காரன், மட்டும் சிரிக்கவில்லை.

"நல்லது. மருந்தே தொடலைன்னு ஐயா பைபிள் மேல கை வச்சு சொல்லட்டும். மத்ததை மேல இருக்கறவங்க பாத்துப்பாங்க."

டெய்லரின் கை பைபிள் வரைக்கும் போனது. தொடாமலே திரும்பி வந்தது.

"முடியல ஃபாதர். பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன். வலி தாங்காம மச்சானைக் கெஞ்சிக் கூத்தாடி மாத்திரை வாங்கினேன். தையல் மெஷின் டிராயர்ல ஒளிச்சு வச்சு நாப்பது நாளும் முழுங்கினேன்."

"அட பாவி மனுஷா! நான் முட்டி தேய ஜெபம் பண்ணிட்டிருந்தப்பவா?"

கத்தியவளுக்கு அடுத்த நொடியே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பெரிய சிஸ்டர் முகத்துல இனி எப்படி முழிப்பேன்? எவ்வளவு ஆசையா இருந்தேன்!"

டெய்லருக்கும் கண் கலங்கியது. "உன்னை ஏமாத்தணும்னு இல்லம்மா. கத்திரிக்கோல் பிடிக்க முடியாம உக்காந்திருந்தா வீடு எப்படி ஓடும், சொல்லு?"

பாவம், பாதிரியார் மட்டும் என்ன செய்வார்? எழுதியதைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார்.

"வருத்தப்படாதம்மா. மருந்துல குணமானதைப் புதுமைன்னு எழுத முடியாது."

"ஃபாதர், ஒரு நிமிஷம்." தம்பி குறுக்கே வந்தான். "மாமா, நீங்க என்னை மன்னிக்கணும். குடுக்கலைன்னா வேற கடைக்குப் போயிருப்பீங்க. குடுத்தேன்னு தெரிஞ்சா அக்கா என்னை உயிரோட விட மாட்டா. அதனால..."

"அதனால?" மூன்று பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"நாப்பது நாளும் நான் குடுத்தது வெறும் ஜீரண மாத்திரை."