காயும் வரை

ஈரத் தரைக்கு அந்தப் பக்கம், ஜன்னலடி மூலையில், அவர் மாட்டிக்கொண்டு நின்றார்.

டைல் போடுவதை ஜன்னல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து வாசற்படியில் முடித்திருக்க வேண்டும். பஸ் ஓட்டுகிற மனிதர், லீவு போட்டு முதல்முறையாக ரப்பர் சுத்தியலைக் கையில் எடுத்தவர், வாசற்படியிலிருந்து ஆரம்பித்துவிட்டார். அலமாரி வைப்பதற்காக விட்டிருந்த வெறும் சிமெண்டுத் தரைதான் இப்போது அவருக்குப் புகலிடம்.

"ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவருக்கு யாருங்க லைசென்ஸ் குடுத்தது?" என்றாள் மனைவி, நிலைப்படியில் சாய்ந்து சிரித்தபடி.

"சிரிக்காதே. உங்க அண்ணன் காதுக்குப் போனா மானம் போயிடும்."

அண்ணன் ஏற்கெனவே, மாப்பிள்ளை போடுகிற தரையில் தண்ணீர் தேங்கும், மீன் வளர்க்கலாம் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார். அது போதாதென்று போன வாரம் அவளே, காயப்போட்ட துணியை எடுக்கும் அவசரத்தில் ஈர டைலை மிதித்துவிட்டாள். இரண்டு டைல்கள் உள்வாங்கிவிட்டன. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. பெயர்த்தெடுத்துச் சுரண்டி மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தார். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"சாயங்காலம் வரைக்கும் யாரும் காலை வைக்கக் கூடாது. எனக்கும் ஒரு மாதிரி அசதியாத்தான் இருக்கு, இப்படியே தூங்கறேன். காஞ்சதும் டீயோட வந்து எழுப்பு."

அவள் ஒரு தலையணையை வீசினாள். அவர் அதை முதுகுக்கு வைத்துச் சுவரில் சாய்ந்தார்.

அவள் வாசலில் நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவர் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. தலையணையை நகர்த்தி வைக்கலாம் என்று ஒரு காலைத் தூக்கியவள், போன வாரத்து டைல்கள் நினைவுக்கு வர, தூக்கிய காலை இழுத்துக்கொண்டாள்.

பள்ளியிலிருந்து வந்த மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா குறட்டையே விடலையே?"

"உட்கார்ந்து தூங்கினா வராதுடி. சத்தம் போடாம போ."

பொழுது சாய்ந்ததும் ஓரத்து டைலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. டீ டம்ளருடன் உள்ளே போனாள்.

அடுத்த வருஷம், சமையலறைக்குத் தரை போட வந்த டைல்ஸ்காரர் அந்த அறையையும் பார்த்தார். காசால் ஒவ்வொரு டைலாகத் தட்டினார். அடியில் வெற்றிடம் இருந்தால் கேட்கும் பொள்ளல் சத்தம் எங்கேயும் வரவில்லை. ரசமட்டத்தை வைத்தார்; குமிழி நடுவிலேயே நின்றது.

"காயறதுக்குள்ள வீட்டுல யாராவது மிதிச்சுடுவாங்க, எங்க வேலையிலேயே இது பெரிய தலைவலி. இங்க ஒரு கல்லுகூட இறங்கலை. யாரும்மா போட்டது? அவர் கையைப் பிடிச்சுக் குலுக்கணும்."

அவள் குனிந்து, ஜன்னலோரத்து டைலின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"டீயோட போய் நான் தொட்டப்ப, அந்தக் கை இந்தக் கல்லைவிடச் சில்லுனு இருந்தது, தம்பி."