சப்பாத்துக் காலோடு

உலு திராம் தோட்டத்தில் வைத்திலிங்கம் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, உயர்ந்ததிலிருந்து, உடன் வேலை பார்த்த செல்லப்பனுக்கு வயிற்றெரிச்சல். சிங்கப்பூருக்கு வந்த போர்க்கப்பலைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வைத்திலிங்கமே அவனையும் ரயிலில் அழைத்துப் போனார். அவர் காலில் மினுங்கிய புதுச் சப்பாத்து, எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது.

கப்பல் ஏணியருகே செல்லப்பன் மெல்லச் சொன்னான்.

"அண்ணே, சப்பாத்தைக் கழட்டிடுங்க. கப்பல் அவங்களுக்குக் கோயில் மாதிரி."

வைத்திலிங்கம் பயபக்தியோடு கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வெள்ளைக்காரன் முன்னால் வெறுங்காலோடு நின்று அவமானப்படட்டும் என்று, செல்லப்பன் சப்பாத்துக் காலோடு பின்னால் ஏறினான்.

மேல்தளத்தில், வந்துபோனவர்களின் சப்பாத்துத் தடங்களை மாலுமிகள் வெறுங்காலோடு நின்று தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வைத்திலிங்கத்தின் காலைப் பார்த்த கப்பல் அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. கைகுலுக்கி, பீரங்கியைக் காட்ட அழைத்துப் போனார். செல்லப்பனின் காலைப் பார்த்ததும், அங்கேயே நிற்கும்படி கைகாட்டினார்.

ஒரு மணி நேரம் கழித்து வைத்திலிங்கம் திரும்பி வந்தார்.

"பீரங்கிய தொட்டே பாத்துட்டேன் லா. எல்லாம் நீ சொல்லித்தான், செல்லப்பா." சப்பாத்தை மாட்டிக்கொண்டே நிமிர்ந்தார். "ஆமா, நீ ஏன் கழட்டலே?"