புதன்கிழமை சைவம்

பரஞ்சோதி சிவப்பு விளக்கைக்கூடப் பார்க்கவில்லை. மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் சாலையைக் கடந்தார்.

ஒரு கார் கிறீச்சிட்டு நின்றது. ஓட்டியவன் கண்ணாடியை இறக்கி மலாயில் திட்டினான். அவர் காதில் எதுவும் விழவில்லை.

"ஏங்க, ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்னுதானே சொன்னாங்க?" பிரேமாவதிக்கு மூச்சு வாங்கியது.

"மொதல்ல சாப்பாடு. அப்புறம்தான் ஆஸ்பத்திரி."

மணி பன்னிரண்டரை. ஒன்றரைக்கு அங்கே இருக்க வேண்டும். அதற்குள் இவளை எப்படியாவது சாப்பிட வைத்துவிட வேண்டும். ரயில் ஈப்போவைத் தாண்டியதிலிருந்து அவர் மண்டைக்குள் ஓடியது அது ஒன்றுதான்.

நேற்று இரவு சோற்றுச் சட்டியைத் திறக்கும்போது போன் வந்தது. கோலாலம்பூரில் சாப்பாடு டெலிவரி செய்யும் ஒரே மகன் புவனேசன், மோட்டார் சைக்கிளோடு லாரியில் மோதி ஐ.சி.யூ.வில் இருக்கிறான்.

பிரேமாவதி அப்போது சட்டியை மூடியவள்தான். விடியற்காலையில் ரயில் ஏறிய குருண் ஸ்டேஷனிலும் ஒரு வாய் ரொட்டி தொடவில்லை.

அவளுக்கு இனிப்புநீர் உடம்பு, சர்க்கரை வியாதி. வயிறு காய்ந்தால் கண் இருட்டிவிடும். போன வருஷம் எஸ்டேட் கோயில் வாசலில் அப்படித்தான் விழுந்தாள். நெற்றியில் நாலு தையல்.

ஈப்போவில் மறுபடி போன் அடித்தது. பரஞ்சோதி எழுந்து போய்க் கழிவறைக் கதவோரம் நின்று பேசிவிட்டு வந்தார்.

"ஒண்ணுமில்ல. ஒன்றரைக்கு வரச் சொல்றாங்க" என்றார். அவளும் மேலே கேட்கவில்லை.

முனையில் திரும்பியதும் மீன் தலைக் கறி வாசனை முகத்தில் அடித்தது. வாசலில் வரிசை. பிரேமாவதி நின்றுவிட்டாள்.

"இது புவன் சொன்ன கடைலா."

போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவன், சாப்பிட்டு முடித்து இலையை எதிர்ப்பக்கம் தள்ளி மடித்தான். பிரேமாவதி முதுகில் ஒன்று வைத்தாள். "சாவு வீட்டுலதாண்டா அப்படி மடிப்பாங்க. உன் பக்கமா மடி!"

இருபத்தாறு வயசுக்காரன் முதுகைத் தேய்த்துக்கொண்டே சிரித்தான். "கே.எல்.ல யாரும்மா இதெல்லாம் பாக்குறா? நீ வாலா, உனக்கு மீன் தலைக் கறி வாங்கித் தரேன். அங்க நான் சாப்பாடு எடுக்காத கடையே கெடையாது."

பரஞ்சோதி உள்ளே எட்டிப் பார்த்தார். சட்டியில் சிவப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. வாசற்படியில் கால் ஏறவில்லை.

"வேணாம். அங்க போலாம்" என்று எதிர்வரிசையைக் காட்டினார். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. பச்சைப் பலகையில் 'சுத்த சைவம்' என்று எழுதியிருந்தது.

"இன்னிக்கு புதன்தானே?"

அவளுக்கு வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் சைவம். மற்ற நாளெல்லாம் ஒரு துண்டு கருவாடாவது இல்லாமல் சோறு இறங்காது.

"டிரெயின்ல வந்த வயிறு. லேசா சாப்புடுவோம்."

பிரேமாவதி அவர் முகத்தைப் பார்த்தாள். மீன் கடையைப் பார்த்தாள். மறுபடி அவர் முகத்தைப் பார்த்தாள்.

வழக்கமாக இதற்கு ஒரு சண்டையே நடந்திருக்கும். 'அவ்வளவு தூரம் வந்து கீரையா திங்கணும்?' என்று தெருவையே கூட்டியிருப்பாள்.

"சரி, வாங்க" என்று முன்னால் நடந்தாள்.

அப்பாடா என்று இருந்தது அவருக்கு.

இலை விழுந்தது. சோறு விழுந்தது. பிரேமாவதி பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். தலை நிமிரவில்லை. உப்பு குறைவு என்று குற்றம் சொல்லவில்லை. சாம்பார், ரசம், மோர் என்று ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள். விக்கியபோது தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தள்ளினாள்.

பரஞ்சோதி சோற்றை அளைந்துகொண்டிருந்தார்.

"தம்பி, அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க."

"எனக்குப் போதும், பிரேமா."

"போதாது. சாப்புடுங்க. நேத்து ராத்திரியிலேருந்து நீங்களும்தான் ஒண்ணும் தொடல. இனி எப்ப கெடைக்குமோ."

அவர் ஒரு கவளம் வாயில் வைத்தார். அது இறங்கும் வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடிக்க என்னக்கா?" என்று கேட்டான் பரிமாறுபவன்.

"எனக்கு தே ஓ கொசோங். அவருக்குச் சீனி போட்டே கொண்டாங்க."

சீனியில்லாத தேநீரை நாலே மடக்கில் குடித்தாள். இடது கையால் கைப்பையைத் துழாவி மாத்திரையை எடுத்து விழுங்கினாள்.

பரஞ்சோதி கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று பத்து. அவள் இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை. மாத்திரையும் போட்டாயிற்று. இனி மயங்கி விழமாட்டாள். மீதியைப் போகும் வழியில் டாக்சியில் வைத்துச் சொல்லிக்கொள்ளலாம்.

பிரேமாவதி இலையை மடித்தாள்.

தன் பக்கமாக அல்ல. எதிர்ப்பக்கம் தள்ளி மடித்தாள். மடிப்பு திறந்துகொள்ளாதபடி விரல்களால் அழுத்தினாள்.

பரஞ்சோதியின் கை சோற்றிலேயே நின்றது.

காலை ஒன்பது பத்துக்கு எல்லாம் முடிந்துவிட்டது, உடலை வாங்கிக்கொள்ள ஒன்றரைக்கு வாருங்கள் என்றுதான் ஈப்போவில் வந்த போனில் சொன்னார்கள். அதை அவர் இன்னும் அவளிடம் சொல்லவே இல்லை.

"கை கழுவிட்டு வாங்க" என்றாள் பிரேமாவதி. "புள்ள அங்க தனியா கெடக்கான்."