விரதப் பிழை

"தம்பி, கால்ல எங்கயும் புண், காயம்?"

கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார் டொக்டர் நிஸ்மியா.

"இல்ல டொக்டர்" என்றான் நிதுர்ஷன்.

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்க."

"என்ன டொக்டர், வருத்தம் திரும்பிட்டா?" என்று குறுக்கிட்டாள் தாய் யசோதினி.

நிதுர்ஷனுக்குப் பத்தொன்பது வயது. கழுத்தின் நிணநீர் நெறிகளில் வந்த புற்றுநோய் மருந்தேற்றிக் குணமாகியிருந்தது. இப்போது கொழும்பில் எடுத்த ஸ்கான் படத்தில், இரண்டு தொடையிடுக்கிலும் நெறிகள் விளக்குப்போல் எரிந்தன.

"திரும்பிட்டு எண்டு சொல்லல்ல. வேற காரணம் இருக்கா எண்டு பாக்கிறன்."

"அவனுக்குப் புண் எங்கால டொக்டர்? சுகமானதுக்கு நேத்தி வச்சு, அம்மன் கோயில் சடங்கில நானும் அவனும் தீ மிதிச்சம். ஒரு கொப்புளம் வரல்ல. விரதம் அப்படி."

டொக்டர் முதல்முறையாகத் திரும்பினார். "தீ மிதிச்சா? எப்ப?"

"கொழும்புக்குப் போக முந்தின கிழமை."

"தம்பி, சப்பாத்தக் கழட்டுங்க."

அவன் அசையவில்லை.

"கழட்டுறீங்களா, இல்லாட்டி தொடையிடுக்கில ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதிக்கட்டா?"

கழற்றினான். இரண்டு உள்ளங்காலும் தோலுரிந்து, சீழ் கட்டிக் கிடந்தன.

டொக்டர் குனிந்து இரண்டு காலையும் பார்த்தார். "கால் புண்ணுக்குத் தொடையிடுக்கில நெறி கட்டும். உங்கட ஊர்ல ஆருக்குத் தெரியாது? இந்த ஸ்கானுக்குப் புண்ணும் ஒண்டுதான், புற்றுநோயும் ஒண்டுதான். ரெண்டையும் வெளிச்சமாத்தான் காட்டும். கழுத்தில ஒண்டுமில்ல. புண் ஆறட்டும், திரும்ப எடுப்பம்."

ஊருக்குத் திரும்பும் சித்தாண்டி பஸ்ஸில் யசோதினி பேசவில்லை. நாள்தோறும் அவன் காலுக்கு மருந்து கட்டினாள், நிமிர்ந்து பார்க்காமல். விரதத்தில் பிழை விட்டவனைத்தான் தீ சுடும் என்பது ஊரின் நம்பிக்கை. அந்த மௌனத்தைவிட அவள் அடித்திருக்கலாம் என்று நிதுர்ஷன் நினைத்தான்.

இரண்டாவது ஸ்கான் சுத்தமாக வந்தது.

"ஒண்டுமில்ல. போய்ப் படிக்கிற வேலையப் பாருங்க" என்று சிரித்தார் டொக்டர்.

வெளியே, வாவிக்கரை வாங்குப் பலகையில் இருவரும் உட்கார்ந்தார்கள். தண்ணீரில் ஒரு தோணி போய் மறைந்தது.

"அம்மா" என்றான் அவன். "விரதத்துக்க நான் பேக்கரியில ஒரு மீன் பணிஸ் வாங்கித் திண்டுட்டன்."

சொல்லிவிட்டுத் தன் சப்பாத்தைப் பார்த்தான்.

"பசி தாங்கேலாமப் போயிட்டு. அதுக்குத்தான் அம்மன் சுட்டா எண்டு நினைச்சன். வருத்தமும் அதாலதான் திரும்பி வந்திட்டு, சாகத்தான் போறன் எண்டு நினைச்சன். உங்களுக்கு எப்படிச் சொல்ற?"

யசோதினி வாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் செருப்பைக் கழற்றி, காலை மடக்கி, உள்ளங்காலை அவன் பக்கம் திருப்பினாள். குதிக்காலிலிருந்து பெருவிரல்வரை, அண்மையில்தான் மூடிய புதுத்தோல் சிவந்து மினுங்கியது.

"நான் பச்சத்தண்ணியையும் பாத்துப் பாத்துத்தான் குடிச்சன், மனே" என்றாள். "எனக்கும் சுட்டது."